காவலும் கைப்பிடியும்

வீட்டு வாசலிலிருந்து புறப்பட்ட வண்டி தெருமுனையைத் தாண்டி மணிக்கு 15 அல்லது 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிற தருணத்தில், இந்நாளைய மோட்டார் கார்கள் பலவற்றில், நான்கு கதவுகளிலிருந்தும் ஒரே சமயத்தில் 'டக்' என்று ஓர் ஓசை எழுகிறது. ஓட்டுகிறவர் அதை ஏவவில்லை. உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரும் அதை வேண்டவில்லை. ஆயினும் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொண்டுவிட்டன. பெரும்பாலோர் அந்த ஓசையைக் கவனிப்பதுகூட இல்லை. கவனிக்கிற சிலரிலோ, 'நல்லதாயிற்று, இனிக் குழந்தை கதவைத் திறந்துவிடுவான் என்ற பயமில்லை' என்று ஆறுதல் கொள்கிறவர்கள் ஒரு சாரார். 'என்னைக் கேளாமல் என்னைப் பூட்டிவைக்க இந்த யந்திரம் யார்?' என்று மனத்துக்குள் சற்றே முரண்டுகிறவர்கள் மற்றொரு சாரார். இரண்டும் அற்ப விஷயத்தில் எழுந்த அற்ப மனோபாவங்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் தள்ளாமல் சிறிது நின்று யோசித்துப் பார்த்தால், நம் நாட்டுச் சமயாசாரியர்கள் பல தலைமுறைகளாக வாதித்து வந்த ஒரு பெரிய விசாரம் அந்த ஓசைக்குள் அடங்கியிருப்பது புலப்படும். ஒருவனைக் காப்பதன் பொருட்டு அவனுடைய சம்மதமின்றியே அவனைக் கட்டலாமா? கட்டலாம் என்றால், அவ்விதம் கட்டும் அதிகாரம் யாருக்கு உண்டு, எதுவரையில் உண்டு?

முதலில் அந்தப் பூட்டுக்காரர்களின் பக்கத்து நியாயத்தைக் கேட்டுவிடுவோம். மோட்டார் வண்டியின் பால்ய காலத்தில் கதவு என்பது ஏறுவதற்கும் இறங்குவதற்குமான ஒரு சௌகரியமாகவே கருதப்பட்டது. காற்றும் தூசியும் உள்ளே வராமல் தடுத்தால் அதன் கடமை தீர்ந்தது. வேகம் பெருகி, விபத்துக்களும் பெருகி, வண்டி மோதிய வேகத்தில் கதவுகள் தாமே திறந்துகொண்டு மனிதர்கள் வெளியே வீசியெறியப்பட்டபோதுதான், உள்ளேயே இருந்துவிடுகிறவனைக் காட்டிலும் வெளியே எறியப்படுகிறவன் உயிரிழக்கும் அபாயம் பன்மடங்கு அதிகம் என்ற உண்மை நிபுணர்களுக்கு விளங்கிற்று. ஜெர்மனியில் மெர்ஸிடிஸ் நிறுவனம், மோதலிலும் திறந்துகொள்ளாத விசேஷத் தாழ்ப்பாளை 1959-இல் தன் கார்களில் பொருத்தியது. அமெரிக்க அரசாங்கம் கதவுத் தாழ்ப்பாள்களும் பூட்டுகளும் இன்ன வலிமை உடையனவாக இருக்கவேண்டும் என்று வகுத்த விதி 1968 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. மின்சாரத்தால் இயங்கும் கதவுப் பூட்டோ அதற்கெல்லாம் முந்தியது. 1914-இலேயே அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ்-பூத் என்ற கம்பெனி தன் வண்டியில் அதை வைத்துப் பார்த்தது. நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்த அந்த யோசனையை 1956-இல் பாக்கார்டு கம்பெனியார் மீண்டும் எடுத்தார்கள். 1982-இல் பிரான்ஸ் தேசத்து ரெனோ ஃப்யூகோ என்ற கார், தூரத்தில் நின்றபடியே பூட்டவும் திறக்கவும் வல்ல சாவியோடு வெளிவந்தது. இவற்றின் சந்ததிதான், இன்று நம்மைக் கேளாமல் வேகத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பூட்டுகிற இந்தச் சாதனம்.

இதில் கூர்ந்து நோக்கவேண்டிய பேதம் ஒன்று உண்டு. கதவை அதன் சட்டத்தோடு பற்றிக்கொண்டிருப்பது தாழ். கைப்பிடி இழுத்தாலும் அந்தத் தாழ் விடாதபடி செய்வது பூட்டு. தாழ் இல்லாத கதவு கதவே அல்ல. பூட்டு இல்லாத கதவோ கதவுதான், ஆனால் எவர் கைக்கும் இசைந்து கொடுக்கிற கதவு. ஓடும் வண்டியில் குழந்தையின் கையோ, சாய்ந்து தூங்குகிறவரின் முழங்கையோ, சிக்னலில் நிற்கையில் வெளியிலிருந்து நீளும் அந்நியன் கையோ கைப்பிடியைத் தொட்டால் அது பலிக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே பூட்டு ஏற்பட்டது. அவ்வளவும் நன்மையே. ஆயினும் அதே பூட்டு, வண்டி ஓரிடத்தில் மோதி நின்ற மறுகணத்தில் தீமையாக மாறிவிடுகிறது. ஏனெனில், ஓடி வருகிற வழிப்போக்கரின் கையும் அப்போது வெளியிலிருந்து நீளும் அந்நியன் கையே அல்லவா? ஒரு நொடிக்கு முன் எந்தக் கையைத் தடுப்பது தர்மமாக இருந்ததோ, அந்தக் கையை ஏற்பதே ஒரு நொடிக்குப் பின் தர்மம்.

இந்தச் சங்கடத்தைப் பொறியியலார் தீர்த்த விதம் மிகவும் ரசிக்கத்தக்கது. மோதலின் அதிர்ச்சியை உணர்ந்து ஏர்பேக் என்ற காற்றுப் பையை விரியச் செய்கிற கருவியே, அந்தக் கணத்தில் கதவுப் பூட்டுக்களுக்கும், 'திறந்துகொள்ளுங்கள்' என்று கட்டளை அனுப்பும்படி இப்போது பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். தாழ் விடுவதில்லை, ஆகையால் உள்ளிருப்பவர் வெளியே விழுவதில்லை. பூட்டு விட்டுவிடுகிறது, ஆகையால் உதவிக்கு வருகிறவர் வெளியே நின்று தவிப்பதில்லை. பற்றிக்கொண்டிருப்பதும் அடைத்துவைத்திருப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதையும், முன்னது எப்போதும் வேண்டியது, பின்னது காலம் அறிந்து செய்யவும் காலம் அறிந்து விடவும் வேண்டியது என்பதையும் ஓர் இரும்புத் துண்டைக்கொண்டு நிரூபித்துவிட்டார்கள் அவர்கள்.

இனி நம் ஆசாரியர்களிடம் வருவோம். ஜீவனைக் கடைத்தேற்றுவதில் ஈசுவரனுடைய கிருபைக்கும் ஜீவனுடைய யத்தனத்துக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்ற கேள்வி, பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் வாழ்ந்த பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் தமிழ் நாட்டு வைஷ்ணவர்களிடையே கூர்மையடைந்து, பிற்காலத்தில் தென்கலை, வடகலை என்ற இரு கிளைகளாகப் பிரிந்து நின்றது. தென்கலையார் காட்டும் திருஷ்டாந்தம் பூனைக்குட்டி. தாய்ப் பூனை கவ்விச் செல்கையில் குட்டி செய்யவேண்டியது ஒன்றுமில்லை. தடுக்காமல் இருந்தால் போதும். வடகலையார் காட்டுவதோ குரங்குக் குட்டி. தாய் தாவுகையில் குட்டி தன் சிறு கைகளால் தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கவேண்டும். இந்த மார்ஜார, மர்க்கட நியாயங்களை வைத்துக்கொண்டு, வடகலையார் மனித முயற்சியே மோட்சத்தைக் கொடுத்துவிடும் என்று சொன்னதாக எண்ணுவது பிசகு. காப்பவன் அங்கேயும் ஈசுவரனே. ஆனால் அவன் கிருபை பாய்வதற்கு ஜீவன் பக்கத்தில் ஒரு வியாஜமேனும், ஓர் அற்ப நிமித்தமேனும் இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கட்சி. அந்த அற்ப நிமித்தத்தைக்கூட வேண்டுவது பகவானுடைய கிருபைக்குக் குறைவு என்பது மற்றவர்கள் கட்சி.

பழைய காரில், ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலோரத்துக் குமிழை விரலால் அழுத்திக் கதவைப் பூட்டிக்கொண்டவன் குரங்குக் குட்டியின் மதத்தைச் சேர்ந்தவன். அவன் செய்த யத்தனம் அணுவளவே ஆயினும், அது அவனுடையது. இன்றைய காரில் பேசிக்கொண்டும் உறங்கிக்கொண்டும் செல்லுகையில் 'டக்' என்று பூட்டப்படுகிறவன் பூனைக்குட்டியின் மதத்தைச் சேர்ந்துவிட்டான். அறியாமலே காக்கப்படுகிறான், நன்றி சொல்லவும் வேண்டியதில்லை. முரண்டுகிற சாராருக்கு ஏற்படும் மனக்கசப்பின் மூலம் இதுவே. காக்கப்படுவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. தாங்கள் இல்லாமலே தாங்கள் காக்கப்பட்டுவிடுவதில்தான் ஆட்சேபம்.

சைவ சித்தாந்திகள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனுக்கு ஐந்தொழில் வகுத்த அவர்கள், மறைத்தலையும் அருளின் வகையாகவே கொண்டார்கள். ஆன்மாவைப் பாசத்தில் கட்டுண்டபடியே வைத்து, உண்மையை அதன் கண்ணுக்குத் தெரியாமல் திரையிட்டு, வினைப் பயன்களை நுகரச் செய்து, மலம் என்ற அழுக்கு பரிபாகம் அடைந்த பிறகே இறைவன் திரையை நீக்குகிறான் என்பது அவர்கள் சித்தாந்தம். கட்டுவதும் கருணை, பக்குவம் வந்தபின் அவிழ்ப்பதும் கருணை, இரண்டையும் செய்வது ஒரே சக்தி. ஓடுகையில் பூட்டி, மோதிய கணத்தில் தானே திறந்துவிடுகிற சாதனத்தைக் கண்டால், சித்தாந்தம் பயின்ற ஒருவருக்கு மறைத்தலைச் செய்யும் இந்தத் திரோதான சக்தியின் நினைவு வராமல் இராது. அப்படியானால், நம்மைக் கேளாமல் நம்மைக் கட்டுகிற யந்திரத்தையும் அருள் என்றே ஏற்றுக்கொண்டு கைகூப்பிவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். ஏன் கூடாது என்பதைச் சொல்லுமுன், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி ஒன்றில் நான் பார்த்த சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோடைக் காலத்துப் பிற்பகல். வெளியூரிலிருந்து தரிசனத்துக்கு வந்த குடும்பம் ஒன்று ஊருக்குப் புறப்படும் தறுவாயில் இருந்தது. இரண்டரை மூன்று வயதிருக்கும் பையன் ஒருவன் அழுது அடம்பிடிக்கவே, அவன் கையில் ரிமோட் சாவியை விளையாடக் கொடுத்து, பின் ஆசனத்தில் உட்காரவைத்து, வெயில் படாமல் இருக்கக் கதவையும் சாத்திவிட்டு, தகப்பனார் டிக்கியில் மூட்டைகளை அடுக்கி மூடினார். மூடியதும், உள்ளே பையன் சாவியிலிருந்த பொத்தானை அமுக்கினான். வண்டி விளக்குகள் ஒருமுறை மின்னின. நான்கு கதவுகளும் டிக்கியும் ஏககாலத்தில் பூட்டிக்கொண்டன. பின் கதவில் சைல்டு லாக் என்ற குழந்தைப் பூட்டைப் போட்டிருந்தபடியால், பையன் உள்ளே கைப்பிடியை இழுத்தும் பயனில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் அந்த இடத்தில் ஒரு கூட்டம். தாயார் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழ, உள்ளே பையனும் அழ ஆரம்பித்தான். எங்கிருந்தோ ஒருவர் கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். "நடுவுல அடிக்காதீங்க சாமி, ஓரத்து மூலையில அடிச்சாத்தான் உடையும்" என்று ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் தம் அநுபவத்தைச் சொன்னார்.

அப்போது அந்தக் குடும்பத்துப் பாட்டியம்மாள், "எல்லாரும் கொஞ்சம் கத்தாம இருங்கோ, குழந்தை பயந்து போயிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் கையிலிருந்த வேறொரு கார்ச் சாவியை வாங்கிக் கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொண்டு, "கண்ணா, பாட்டி பண்றதைப் பாருடா, இதோ, இப்படி அமுக்கு பார்க்கலாம்" என்று சிரித்த முகத்தோடு பொத்தானை அமுக்கி அமுக்கிக் காட்டினார். பையன் அழுகையை நிறுத்தினான், கையிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தான், அமுக்கினான். விளக்குகள் மின்னின, கதவு திறக்கவில்லை. பழைய பொத்தானையே அமுக்கியிருக்கிறான். "அது இல்லைடா ராஜா, அதுக்கு மேலே" என்றார் பாட்டி, தம் சாவியில் விரலை நகர்த்திக் காட்டியபடி. மறுபடி அமுக்கினான். கதவுகள் திறந்துகொண்டன. கருங்கல்லைக் கொண்டுவந்தவர் அதை ஓரமாகப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அன்று அந்தக் குழந்தையைக் காத்தது எது? தாய்ப் பூனையாகக் கவ்வ வேண்டிய தகப்பனார் கண்ணாடிக்கு இப்புறம் நின்றார். குரங்குக் குட்டியாகப் பற்ற வேண்டிய குழந்தைக்கோ எதைப் பற்றுவது என்று தெரியவில்லை. பூட்டிய யந்திரம், தான் பூட்டியிருப்பது யாரை என்பதை அறியாமல், உத்தரவை நிறைவேற்றிய திருப்தியோடு விளக்கை மின்னிற்று. திறவுகோல் உள்ளே, அகப்பட்டுக்கொண்டவனுடைய கையிலேயே இருந்தது. அதை உபயோகிக்கும் வழியைக் காட்டுகிற ஒருவர் வெளியே இருந்தார். இரண்டும் சேர்ந்தபோது கதவு திறந்தது. ஆசாரியன் வேண்டும் என்பதில் இரு கலையாருக்கும் பேதமில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருந்தும்.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். ஒருவனைக் கேளாமல் அவனைக் கட்டிக் காப்பதற்கு இரண்டு யோக்கியதைகள் வேண்டும்: காப்பவன் உறங்காதவனாக இருக்கவேண்டும், தான் காப்பது யாரை, அவனுக்கு இந்தக் கணத்தில் எது வேண்டும் என்பதை அறிந்தவனாகவும் இருக்கவேண்டும். இறைவன் சர்வக்ஞன், அவனுக்கு உறக்கமும் இல்லை. ஆகையால் அவன் மறைத்தலை அருள் என்கிறோம். தாய் அறிந்தவள், ஆனால் மனுஷி. அவளுக்கு அசதி உண்டு, மறதி உண்டு, கடைக்குள் போய்வரவேண்டிய காரியமும் உண்டு. யந்திரமோ, பாட்டரியில் சக்தி உள்ளவரை உறங்குவதில்லை, ஆனால் அது எதையும் அறிவதுமில்லை. ஆசனத்தில் இருப்பது குழந்தையா, அரிசி மூட்டையா, வெளியிலிருந்து வரும் கை திருடனுடையதா, ரட்சகனுடையதா என்ற விவேகம் அதற்கு இல்லை. வேகம் என்ன, அதிர்ச்சி எவ்வளவு என்ற இரண்டொரு அளவைகளைத் தவிர உலகத்தில் அதற்கு வேறு செய்தியே கிடையாது. ஆகவே பூனைக்குட்டியின் நிச்சிந்தை ஈசுவரனிடத்தில் சரணாகதி; யந்திரத்தினிடத்தில் அதுவே அசட்டுத்தனம். யந்திரத்தோடு வாழ்கிறவன், தன் சம்பிரதாயம் எதுவானாலும், காருக்குள் இருக்கும்வரை குரங்குக் குட்டியாக இருப்பதே உசிதம்; பிடியை விடலாகாது.

உலகத்துச் சட்டங்கள் தட்டுத் தடுமாறிக்கொண்டு இந்த முடிவுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. 1998-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் சில வாரங்களுக்குள் நடந்த மூன்று சம்பவங்களில், விளையாட்டாகக் கார் டிக்கிக்குள் புகுந்து மூடிக்கொண்ட குழந்தைகள் பதினொருவர் மாண்டுபோனார்கள். டிக்கி என்பது சாமான் வைக்கும் இடம்; சாமான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதில்லை; ஆகையால் அதற்கு உட்புறத்தில் கைப்பிடி எதற்கு என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதன் பிறகு, 2001 செப்டம்பர் முதல் அந்நாட்டில் தயாராகும் கார்களின் டிக்கிக்குள், இருட்டிலும் கண்ணுக்குத் தெரியும்படியாக, உள்ளிருந்து திறக்கும் பிடி ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று விதி செய்தார்கள். பல கார்களில் அது பச்சை நிறத்தில் மங்கலாக ஒளிரும் ஒரு சிறிய பிடி; திறந்த டிக்கியிலிருந்து ஒரு மனிதன் தாவி ஓடுவதுபோன்ற சித்திரம் அதன்மேல் பொறித்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது விளங்கவேண்டும் என்பது நோக்கம். அந்தப் பிடி பெரும்பாலான கார்களில் வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூட இழுக்கப்படாமல், பழைய இரும்பாகிக் கரைந்துபோகும். ஆயினும், மனிதன் புகக்கூடிய இடம் எதுவாயினும் அதற்கு உள்ளிருந்து திறக்கும் வழி இருக்கவேண்டும் என்ற ஒரு தர்ம சூத்திரத்தை அது சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டிலும் 2019 ஜூலை முதல் நாளிலிருந்து தயாராகும் கார்களில், ஓட்டுநருக்குக் காற்றுப் பை, வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கும் ஒலி முதலியவற்றோடு, மின்சாரம் அற்றுப்போனாலும் சென்ட்ரல் லாக்கிங் என்ற அந்த ஒட்டுமொத்தப் பூட்டைக் கையாலேயே மீறித் திறந்துகொள்ளும் ஏற்பாடும் கட்டாயமாயிற்று. மின்சாரம் அற்றுப்போவது அபூர்வ சம்பவம்தானே என்று நினைக்கலாகாது. ரயில்வே சுரங்கப் பாதையில் தேங்கிய மழை வெள்ளத்துக்குள் வண்டி இறங்கிவிட்டால், அது அங்கே முதலில் நடக்கிற காரியங்களில் ஒன்று. யந்திரம் எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பூட்டினாலும், கடைசி வார்த்தை மனிதனுடைய கைக்கே உரியது என்பதுதான் அந்த விதியின் தாத்பரியம்.

அப்படியானால் குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட பூட்டை என்ன சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பின் கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பார்த்தால், தாழுக்குக் கீழே விரல் நுனியால் நகர்த்தக்கூடிய ஒரு சிறு நெம்பு இருக்கும். கதவு மூடியிருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டால், அந்தக் கதவின் உட்கைப்பிடி செத்த கைப்பிடி. வெளிக் கைப்பிடி மட்டுமே உயிருள்ளது. சித்தாந்திகள் சொன்ன பக்குவம் என்ற அளவுகோலே இங்கே பிரமாணம். பக்குவம் வராதவன் கையிலிருந்து கைப்பிடியை வாங்கி வைத்துக்கொள்வது தவறன்று. ஆனால் வாங்கிக்கொண்டவன், அந்தக் கணம் முதல், தான் வெளிக் கைப்பிடியின் அருகில் விழித்தபடி இருக்கக் கடமைப்பட்டவனாகிறான். உள்ளே இருப்பவனுடைய விழிப்பை அவன் கடனாகப் பெற்றிருக்கிறான். அந்தக் கடனைத் தன் விழிப்பால் அடைக்கவேண்டும்.

அடைக்காமல் போனவர்களின் கதை மிகவும் துயரமானது. நிறுத்திவைத்த காருக்குள் வெப்பம் ஏறும் விதத்தை ஆராய்ந்த அமெரிக்க வைத்திய ஆராய்ச்சி ஒன்று 2005-இல் வெளிவந்தது. வெளியே கடும் வெப்பம் இல்லாத நாளிலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே ஏறக்குறைய 22 டிகிரி செல்ஸியஸ் கூடிவிடுகிறது என்றும், அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே நேர்ந்துவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை என்றும் அது கண்டது. அந்நாட்டில் 1998 முதல் வைத்துவரும் கணக்கின்படி, சராசரியாக ஆண்டுக்கு 37 குழந்தைகள் இவ்விதம் மடிகிறார்கள். அவர்களில் பாதிக்குமேற்பட்டவர்கள், பெற்றவர்களாலோ வளர்ப்பவர்களாலோ வண்டிக்குள் மறந்துவிடப்பட்டவர்கள். அவ்விதம் மறந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அன்புள்ளவர்கள், ஆனால் மனிதர்கள். தாய் அறிந்தவள், ஆனால் உறங்குகிறவள் என்று மேலே சொன்னது வெறும் தர்க்கம் அன்று என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு சாட்சியம் வேண்டாம்.

வளர்ந்த மனிதனைக் குழந்தையாக்கும் பூட்டு இன்னொரு வகை. வாடகைக் காரில் ஏறுகிற பெண் பிரயாணி, பின் கதவின் ஓரத்தில் மறைந்திருக்கும் அந்த நெம்பு எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதை அறியமாட்டாள். ஓடத் தொடங்கிய பிறகு இறங்க நினைத்துக் கைப்பிடியை இழுக்கும்போதுதான் அது செத்த கைப்பிடி என்று தெரியும். குழந்தையின் பொருட்டு ஏற்பட்ட காவல் அங்கே கடத்தலுக்குக் கருவியாகிவிடக்கூடும் என்பதனால்தான், வாடகைக் கார்களில் அந்தப் பூட்டு இருக்கலாகாது என்ற முடிவுக்கு நம் அரசாங்கம் வந்தது. ஒரே நெம்பு, ஒரே கதவு. உள்ளிருப்பவரின் பக்குவமும் வெளியிருப்பவரின் நோக்கமும் மாறியதும், ரட்சணம் பட்சணம் ஆகிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் ஆட்சேபம் மிஞ்சுகிறது. மறதியும் உறக்கமும் மனிதனுடைய குறைகள் என்றால், யந்திரத்தின் அறியாமையைச் சிறிது சிறிதாகத் திருத்தி, உள்ளே இருப்பது குழந்தையா மூட்டையா என்று உணரும் சென்சார்களை வைத்து, முழுக் காவலையும் அதனிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன என்று விஞ்ஞானப் பற்றுடையவர்கள் கேட்பார்கள். வைக்கட்டும், ஒரு குழந்தை பிழைத்தாலும் அது புண்ணியமே. ஆயினும், யந்திரம் ஒரு படி விழிப்படையும்போது மனிதன் ஒரு படி உறங்குகிறான் என்பது மனித சுபாவம். கதவு தானே பூட்டிக்கொள்ளும் என்று பழகியவன், தானே பூட்டிக்கொள்ளாத வண்டியில் ஏறினால் கதவைச் சரிபார்ப்பதே இல்லை. மின்சாரத்தாலேயே கதவைத் திறக்கும் நவீனக் கார்கள் சிலவற்றில், மின்சாரம் அற்றபோது இழுக்கவேண்டிய பிடியைப் பின் ஆசனத்துக்காரர் எளிதில் காணமுடியாத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்; அழகுக்கு அது பங்கமாம். இனி வரும் யந்திரம் எல்லாம் அறியும் என்ற நம்பிக்கையில் கைப்பிடியை ஒளித்துவைப்பவர்கள், ஈசுவரனுக்கு மட்டும் உரிய யோக்கியதையைத் தம் தொழிற்சாலைக்கு முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு நாம் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது.

காருக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிடத்தக்க நியாயம் அன்று இது. வள்ளுவர் வாழ்க்கைத் துணைநலத்தைப் பற்றிப் பேசுகையில், புறத்தே அடைத்துவைக்கும் காவலின் பயனின்மையையும் அகத்தின் உறுதியால் அமையும் காவலின் மேன்மையையும் குறித்திருக்கிறார். அவர் பெண்களைக் குறித்துச் சொன்ன அதை ஆண் பெண் இருபாலாருக்கும், வீட்டுக்கும் நாட்டுக்கும் பொதுவாகக் கொள்ளுவதில் தடையில்லை. மகளின் நன்மைக்காக என்று சொல்லி அவள் படிப்பையும் போக்குவரத்தையும் அடைக்கிற தகப்பனும், பிரஜைகளின் க்ஷேமத்துக்காக என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்கிற அரசாங்கமும், சிஷ்யனின் கதிக்காக என்று சொல்லி அவன் கேள்வியை அடைக்கிற மடாதிபதியும், தங்கள் காவலில் உட்கைப்பிடி ஒன்று வைத்திருக்கிறார்களா என்பதை நாம் கேட்டே தீரவேண்டும். வைத்திருந்தால் அது காவல். வைக்காமல், தாமும் விழித்திராமல், உள்ளே இருப்பவரை அறியவும் அறியாமல் பூட்டினார்களானால், அதற்கு எந்தப் புனிதமான பெயரைச் சூட்டினாலும் அது சிறையே.

ஆகையால், தானாகப் பூட்டும் கதவை வெறுக்கவேண்டியதில்லை. அது நல்ல ஊழியன், எஜமானனாக மட்டும் அதை ஆக்கிவிடவேண்டாம். வாசகர்கள் தங்கள் வண்டியின் பின் கதவுகளில் சைல்டு லாக் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதையும், மின்சாரமின்றிக் கதவைத் திறக்கும் வழி எது என்பதையும் இன்றே கண்டறிந்து, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் விவரம் தெரிந்த குழந்தைகளுக்கும் காட்டிவைக்கவேண்டும். சாவியைக் குழந்தையின் விளையாட்டுச் சாமானாக ஆக்கலாகாது. இறங்கும்போது பின் ஆசனத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்தலாகாது. உள்ளே இருப்பவனால் திறக்கமுடியாத கதவைப் பூட்டுகிறவன் எவனாயினும், அதைத் தானே திறந்துவிடும்வரை அந்த இடத்தை விட்டு நகரும் உரிமை அவனுக்கு இல்லை.